தவணை கேட்ட குரல்

உம் கொட்டிய குற்றத்துக்காகச் சொத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்த வருடம் திருப்பூரில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாந்தாமணி குடியிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி நாச்சிமுத்து வாத்தியார் அவர்களில் ஒருவர். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கிற மனுஷன். ஒருநாள் அவருடைய போன் அடித்தது. எடுத்தால், எப்போதோ இறந்துபோன தம்பியின் குரல். "நான் வாங்குன கடன் நெசந்தானுங்க சார், எங்கண்ணன் கட்டிருவாருங்க" என்றது. வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது பேசினால் நாமெல்லாம் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரமே அவிநாசிப் பக்கம் அவர் வாங்கிப் போட்டிருந்த மனைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது.

"உம்முன்னு சொன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தமா? இதென்ன அக்கிரமம்?" என்றாள் சாந்தாமணி. காலை நேரம். மகள் மிதுனா ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இந்த மாதிரி விவகாரமெல்லாம் அவளுக்கு அத்துபடி.

"பழைய கார்டுக் கடனுக்கெல்லாம் ஒரு ஆயுசு இருக்குதும்மா. அத்தன வருசம் தாண்டிட்டா கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது. செத்த கடன். ஆனா வாரிசு ஒருத்தரு 'ஆமா, எங்க கடன்தான்'னு ஒத்துக்கிட்டா அதுக்கு மறுபடி உசுரு வந்துரும், அத்தன வருச வட்டியோட. முன்னெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். இப்ப வந்த சட்டத்துல வாய்ச்சொல்லே போதும்."

"அது சரி, செத்தவனோட குரலுக்கு எங்க போனாங்க?"

"பேங்குல இருந்து போன் வந்தா, 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது'ன்னு ஒரு பொம்பளை சொல்லுவாளே, ஞாபகம் இருக்குதா? நெசமாலுமே பதிவு பண்ணித்தான் வெச்சிருந்திருக்காங்க. வராத கடனையெல்லாம் பழைய பேப்பர் வெலைக்கு வித்தப்ப அந்தப் பதிவையும் சேத்து வித்துட்டாங்க. வாங்குன கம்பெனிக்காரங்க அதை மிஷினுக்குக் குடுத்து அதே ஆளாட்டப் பேச வெக்கறாங்க. மறுகுரல்னு கம்பெனிக்குப் பேரே வெச்சிருக்காங்க."

"நல்லவேளை. உங்கப்பாவுக்குக் கார்டு கீர்டு ஒண்ணும் கெடையாது."

மிதுனா தலையை நிமிர்த்தாமல் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள். "எதுக்கும் தெரியாத நம்பர் வந்தா வாயே தொறக்காத. முக்கியமா உம் கொட்டாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நம்பர் ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் வந்தது. சாந்தாமணி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"வணக்கமுங்க சார். ஈஸ்வரமூர்த்தி பேசறனுங்க. கோவிச்சுக்காதீங்க சார். இந்த மாசம் கொஞ்சம் சிரமமாப் போச்சுங்க."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதுவா என் புருஷன்? உயிரோடு இருந்தபோது ஈஸ்வரமூர்த்திக்கு வெண்கலத் தொண்டை. வண்டியை நிறுத்திவிட்டு 'ஏ சாந்தா' என்று ஒரு குரல் கொடுத்தால் நாலாவது மாடியில் குக்கர் விசில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கரண்டு ஆபீஸ்காரரோ, கவுன்சிலரோ, யாராக இருந்தாலும் நிமிர்ந்து நின்று பேசுகிற ஆள். இந்தக் குரல் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் குரல் மாதிரி இருந்தது. காசுக்கு ஆசைப்பட்டு யாரையோ பேச விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போனை வைக்கப் போனாள்.

"மனுசனுக்கு மனுசன் ஒரு ஒத்தாசைதானுங்க சார். என்ன நாஞ் சொல்றது?" என்றது குரல்.

சாந்தாமணியின் கை அப்படியே நின்றது. அந்த 'என்ன நாஞ் சொல்றது' அவருடையது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதாக அது வந்து விழும். கல்யாணத்தின்போது அவள் தங்கைகள் எண்ணி எண்ணிச் சிரித்தார்கள். முப்பது வருடத்துக்கு அப்புறம் அதைக் கேட்டதும் அவரைக்காயைத் தள்ளி வைத்தாள். அப்புறம் கோபம் வந்தது. அவள் அவரை இன்னும் மன்னித்திருக்கவில்லை.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்வரமூர்த்தி ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டரை வாங்கி, துணி, தையல், பேக்கிங் என்று ஓடி ஓடி முடித்துக் கொடுக்கிற வேலை. அவருடைய கடைசி வருடத்தில் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. போன் அடித்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் பேசுவார். துணி காயப்போடப் போன சாந்தாமணி இரண்டு தடவை பார்த்துவிட்டாள். அவளைக் கண்டதும் சட்டென்று போனை அணைத்தார். "யாருங்க?" என்று கேட்டால் "கம்பெனி விசயம்" என்பார். கம்பெனி விஷயத்தை அவர் ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியாதா? ஒரு பெண் வேறு என்ன நினைப்பாள்?

பாப்பா மிதுனா முன்னால் சண்டை கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். ஆகவே சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, 'வேணுமா' என்றுகூடக் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு, கம்பெனியில் இருக்க வேண்டிய மனுஷன், ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது.

ஊத்துக்குளியில் அவருக்கு என்ன வேலை? சாந்தாமணி அதற்கும் தானே ஒரு விடை கண்டுபிடித்துக்கொண்டாள். கருமாதி முடிந்த கையோடு யாரிடமும் சொல்லாமல் ஊத்துக்குளிக்குப் போய், ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். யாராவது ஒருத்தி தன்னைப் பார்த்ததும் தலையைக் குனிகிறாளா என்று தேடினாள். ஒருத்தியும் குனியவில்லை. அதற்கப்புறம் அந்த ஊரின் பேர்போன வெண்ணெயைக்கூட அவள் வீட்டுக்குள் விட்டதில்லை. கேட்டால், கொழுப்பு ஆகாது என்பாள்.

போன் மறுநாளும் வந்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம், எடுத்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள், தப்பித்தவறி உம் என்று வந்துவிடக் கூடாதே என்று.

"நெசமாலுமே சொல்றனுங்க சார். வேலை போயிருச்சுங்க. ஆர்டரெல்லாம் கேன்சலாகிப் பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லலீங்க. தெனமும் சோத்தை எடுத்துட்டுக் கெளம்பிர்றனுங்க. சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்கறனுங்க. இந்த ஊருன்னா தெரிஞ்சவங்க வரமாட்டாங்க."

பின்னால் ரயில் ஒன்று கடந்துபோகிற சத்தம் கேட்டது. முப்பது வருடம் முந்திய ரயில்.

"கார்டுல எடுத்த பணத்த நான் ஒண்ணும் ஊதாரித்தனமாச் செலவு பண்ணலீங்க. மாசாமாசம் சம்பளம்னு வீட்டுல குடுத்தறனுங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸு, வீட்டு லோனு. வேலை கெடைச்சதும் மொத வேலையா உங்குளுதத்தான் அடைப்பனுங்க. என்ன நாஞ் சொல்றது?"

சாந்தாமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதங்களில் அவர் கொண்டுவந்து கொடுத்த சம்பளக் கவரை அவள் எப்படி வாங்கினாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஸ்டூலைக் காட்டி, 'அங்க வெச்சுட்டுப் போங்க' என்பாள். அவரும் வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. இவள் மிக்ஸியை ஓடவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அவள் போனுக்காகக் காத்திருந்தாள். கெட்டுப்போன மனுஷன் என்று ஊருக்குத் தெரியாமல் வைத்து வெறுத்த புருஷன், பகல் முழுக்கச் சூடான பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அதைக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மாதம் இப்படியே போன பிறகு மறுகுரல் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்தான். தருண் என்று பெயர், தாராபுரத்துப் பையன், முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினான். மிதுனாவும் அன்றைக்கு வீட்டில் இருந்தாள்.

"வசூலுக்கு வந்திருக்கேன்னு நெனைக்காதீங்கம்மா. வெவரம் சொல்லிட்டுப் போகோணும்னு ரூல். உங்குளுக்கு மூணு மாசம் டைம். அதுக்குள்ள ஒண்ணு, இது எங்க கடன்னு ஒத்துக்கோணும். இல்லாட்டி மறுக்கோணும். ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்கன்னா ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க."

"ஒத்துக்கிட்டா எவ்வளவு வருது?" என்று மிதுனா கேட்டாள்.

தருண் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். வாங்கியது நாலே முக்கால் லட்சம். வட்டியோடு சேர்த்து வந்து நின்ற தொகைக்கு இந்த வீட்டை விற்றாலும் கொஞ்சம் துண்டு விழும். அம்மாவுக்கும் மகளுக்கும் இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மிதுனாவின் சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் தாங்காது.

"மறுக்கறதுன்னா?"

"ஆபீஸுக்கு வந்து மூணு வாக்கியம் சொல்லோணும். இந்தக் குரல் என் கணவருடையது இல்ல. இவர் யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. அவ்வளவுதான். அப்படிச் சொல்லிட்டா சட்டப்படி நாங்க குரலையும் பழைய பதிவையும் அன்னிக்கே அழிச்சரோணும். அதுக்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"எல்லாத்தையுமா?" என்றாள் சாந்தாமணி.

"எல்லாத்தையும்தாம்மா."

"கடனைக் கட்டுனா?"

"கட்டுனா குரல் உங்குளுது. எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்." சொல்லிவிட்டு அவனே சங்கடமாக நெளிந்தான். "நெறையப் பேரு அதுக்காகவே கட்டறாங்கம்மா. நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்றேன். அந்தக் குரலுக்கு எங்ககூடப் பேசத்தான் தெரியும். வசூல்காரன்கிட்டப் பேசுனத வெச்சுப் பண்ணுனது. அதுக்கு உங்களத் தெரியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவன் போன பிறகு மிதுனா சொன்னாள்: "மறுத்துரும்மா. யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?"

"நீ ஒருதடவ கேட்டுப் பாரு கண்ணு."

மறுநாள் போன் வந்தபோது, லீவு போட்டிருந்த மிதுனா அதை வாங்கிக் காதில் வைத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். வைத்ததும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இது அப்பாவே இல்ல. அப்பா ஒருத்தர்கிட்டயும் இப்படிக் கெஞ்ச மாட்டாரு" என்றாள். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

சாந்தாமணி வாதாடவில்லை. வீட்டில் ஒன்றும் தெரிய வேண்டாம், பாப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று அந்தப் போன் பேச்சில் அவர் எத்தனை தடவை கும்பிடு போட்டுக் கேட்டிருக்கிறார்! அவர் ஆசைப்பட்டபடியே இருக்கட்டும். கெஞ்சாத அப்பாவாகவே மகள் மனசில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சாந்தாமணிக்கு நியாயப்படியும் ஒரு நெருடல் இருந்தது. அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டு லோன் கட்டினார்கள், அரிசி வாங்கினார்கள். சம்பந்தம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய நெருடல், இவர் யாரென்று தெரியாது என்று சொல்வது. உயிரோடு இருந்தபோது கடைசியில் அப்படித்தானே அவரை நடத்தினாள்? இப்போது அதையே சத்தியமாகவும் சொல்ல வேண்டுமா?

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மகளும் அவளும் அவிநாசி ரோட்டில் இருந்த அந்த ஆபீஸுக்குப் போனார்கள். மிதுனாவை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே கண்ணாடி அறை, ஒரு மேஜை, அதன்மேல் ஸ்பீக்கர். தருண்தான் இருந்தான்.

"மொதல்ல குரலை அடையாளம் பாக்கறதுக்குப் பத்து நிமிசம் குடுப்போம்மா. கேள்வி கேக்கலாம், பேசலாம். அதுல என்ன சொன்னாலும் கணக்குல வராது, பயப்படாதீங்க. அதுக்கப்புறம் செவப்பு லைட் எரியும். அப்பச் சொல்றதுதான் கணக்கு." அவன் எழுந்தான். "நான் வெளிய நிக்கறேன்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவள் வாயைத் திறந்து அவரிடம் பேசலாம். ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்க... நான் சாந்தா."

ஸ்பீக்கரில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "சார்... சாந்தான்னு யாரு சொன்னாங்க சார் உங்குளுக்கு? வீட்டுக்குப் போன் பண்ணுனீங்களா? வேண்டாம் சார். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறனுங்க. அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"நான்தானுங்க பேசறேன். எனக்கு எல்லாம் தெரியும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க."

"வீட்டு நம்பர் வேண்டாங்க சார். இந்த நம்பருக்கே கூப்பிடுங்க. சாந்தா தாங்க மாட்டாளுங்க. ஏற்கெனவே அவ எங்கூடச் சரியாப் பேசறதில்லீங்க. என்ன கொறைன்னு தெரியல. இது வேற தெரிஞ்சா..."

அவளுடைய பெயரைச் சொன்னாலே குரல் நடுங்கியது. தன் பெயரைக் கேட்டு அவர் இப்படி நடுங்க வேண்டுமா என்று அவளுக்குத் துக்கம் பொங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷனிடம் பெண்டாட்டியாகப் பேச வழியே இல்லை. அவருக்குத் தெரிந்தது வசூல்காரன் ஒருவன்தான். சரி, அப்படியே ஆகட்டும். கண்ணைத் துடைத்து, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், பேங்குல இருந்து பேசறோம். ஈஸ்வரமூர்த்திங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க மேடம்." நடுக்கம் நின்றது. பழகிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உங்க கணக்கு முடிஞ்சுது சார். இனி நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்."

குரல் கொஞ்சம் பொறுத்து, "அடுத்த மாசம் கட்டிர்றனுங்க மேடம்" என்றது.

"கட்ட வேண்டாம்னு சொல்றேன் சார். முடிஞ்சுபோச்சு."

"இந்த மாசம் சிரமமுங்க. அடுத்த மாசம் கட்டிர்றனுங்க."

அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். குரலும் திரும்பத் திரும்ப அடுத்த மாதம் என்றது. சாந்தாமணிக்கு மெல்ல விளங்கியது. கட்ட வேண்டாம் என்று அவரிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லாத பேச்சுக்கு அந்த மிஷினிடம் பதில் ஏது? விடுதலை என்ற ஒன்றை அவர் கேட்கவே இல்லை, ஆகவே அதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். கண்ணாடிக்கு வெளியே தருண் கடிகாரத்தைக் காட்டினான்.

"மேடம், லைன்ல இருக்கறீங்களா?" என்றது குரல். "ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். என்ன நாஞ் சொல்றது? ஒரே வாரம்."

அவள் நிமிர்ந்தாள்.

"எடுத்துக்குங்க சார். ஒரு வாரம் என்னத்துக்கு? உங்குளுக்கு எத்தன நாள் வேணுமோ அத்தன நாள் எடுத்துக்குங்க."

ஸ்பீக்கரில் பாரத்தை இறக்கி வைத்த ஆள் விடுகிற மூச்சு வந்தது. யாரோ ஒரு வசூல்காரன், என்றைக்கோ ஒருநாள், மனமிரங்கி அவருக்குத் தவணை கொடுத்திருக்கிறான்.

"ரொம்ப சந்தோசமுங்க மேடம். நல்லா இருப்பீங்க. இன்னிக்காச்சும் நிம்மதியா வீட்டுக்குப் போவனுங்க."

"போங்க. வீட்டுக்குப் போங்க. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்றாள் சாந்தாமணி.

சிவப்பு விளக்கு எரிந்தது. தருண் உள்ளே வந்து வாசகம் அச்சடித்த அட்டையை அவள் முன்னால் வைத்தான். அவள் அதைப் பார்க்காமலே சொன்னாள். இந்தக் குரல் என் கணவருடையது இல்லை. இவர் யாரென்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் முடித்துவிட்டாள். தருண் எதையோ அழுத்தினான். ஸ்பீக்கரில் சின்ன இரைச்சல் ஒன்று இருந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுபோயிற்று.

"அழிச்சாச்சும்மா" என்றான். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தான்.

எதிரில் இருந்த பேக்கரியில் மிதுனா இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னாள். ரோட்டில் பஸ்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன். அவரே இல்லைன்னுட்டேன்."

மிதுனா டீயை ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இனிச் சொன்னாப் பரவாயில்ல. அது அப்பாதான்" என்றாள்.

சாந்தாமணி அவளையே பார்த்தாள்.

"நீதானே அன்னிக்கு..."

"ஆமான்னு நான் சொல்லியிருந்தா நீ கடனை ஒத்துக்கிட்டு வீட்டைத் தூக்கிக் குடுத்திருப்ப. உன்னைய எனக்குத் தெரியாதா?" மிதுனா பன்னைப் பிய்த்து அம்மாவின் பக்கம் தள்ளினாள். "எனக்கு அப்பவே எல்லாம் தெரியும்மா. அஞ்சாவது படிக்கறப்ப. ஒண்ணாந்தேதியானா அப்பா என்னைய ஏடிஎம்முக்குக் கூட்டிட்டுப் போவாரு. கார்டுல பணம் எடுத்துக் கவர்ல போட்டு, மேல கம்பெனி பேரையும் தொகையையும் என்னைய எழுதச் சொல்லுவாரு. அவரு எழுதுனா உனக்குக் கையெழுத்துத் தெரிஞ்சுருமாம். வேற வேலை கெடைச்சதும் அம்மாகிட்ட நானே சொல்றேன், அதுவரைக்கும் மூச்சு விடாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"அவரு போனப்புறமாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?" என்றாள் சாந்தாமணி.

"எதுக்கும்மா? வேலை இல்லாத மனுசன், கடன்காரன்னு தெரிஞ்சா உனக்குக் கஷ்டமா இருக்காதா? நீ கடைசி வரைக்கும் அவர நல்லபடியாத்தானே நெனச்சுட்டு இருந்த. அதைய நான் எதுக்குக் கெடுக்கோணும்?" மிதுனாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பத்து வயதில் தலையில் ஏற்றிய சுமையை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து இறக்கிவிட்ட நிறைவு அதில் தெரிந்தது. "உனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கற நிம்மதியிலதான் அப்பா போயிருப்பாரு. என்னால ஆனது அது ஒண்ணுதாம்மா."

சாந்தாமணி வாயைத் திறந்தாள். அவரைச் சந்தேகப்பட்டுப் பேசாமல் கழித்த அந்த மாதங்கள் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு. நிம்மதியாத்தான் போயிருப்பாரு" என்றாள்.

டீயை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். அந்த வீட்டில் இனி மறைப்பதற்கு ஏதாவது வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.